ஈ உட்காராத மீன்

ஹாப்கின்ஸ் என்ற மீனவ ஊரின் கரையில் சிங்கமீனை யாரும் தின்பதில்லை. அதன் துடுப்பெல்லாம் விஷ முள். குத்தினால் கை வீங்கிவிடும். வேற்றுக் கடலிலிருந்து வந்த மீன். அதை விழுங்க இந்தக் கடலில் எதற்கும் துணிவில்லை. சங்கரா மீன் குஞ்சும் களவா மீன் குஞ்சும் அதன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன.

சபீனா அதைப் பொரித்து விற்கக் கடை போட்டாள். ஒருவரும் தட்டை நீட்டவில்லை. இன்று படகுக்காரர்களின் தலைவர் செவேரோ வந்தார்.

"ஈ பாக்கட்டும். உக்காரலேன்னா கடையை எடுத்துடு, பொண்ணே."

சீலா மீனுக்கு வைக்கும் சோதனை அது. பெரிய சீலாவின் சதையில் சில சமயம் நஞ்சிருக்கும், வேகவைத்தாலும் போகாது. ஈ மொய்த்தால் தின்னலாம் என்பது ஊர் வழக்கம்.

"இதுக்கு முள்ளுலதான் விஷம், மாமா. சதையில இல்ல. முள்ளை நறுக்கிட்டேன்."

"அதை ஈ சொல்லட்டும்."

சிங்கமீன் துண்டு ஒன்றைப் பலகையில் வைத்தார். கூட்டம் கூடியது. கடற்காற்று விடாமல் அடித்தது. ஒரு ஈயும் வரவில்லை.

"அவ்ளோதான். அடுப்பை அணை."

சபீனா அணைக்கவில்லை. அவருடைய படகுக்குப் போனாள். காலையில் அவர் பிடித்த சீலாவில் ஒரு துண்டு அறுத்து வந்து, தன் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அதிலும் ஈ உட்காரவில்லை.

"காத்தடிக்குது," என்றார் செவேரோ.

"உங்க மீனுக்குன்னா காத்து, என் மீனுக்குன்னா விஷமா?"

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "மாமா, வீட்டுல இன்னிக்கு சீலாக் குழம்பா? பாதிரியாருக்குச் சொல்லியனுப்பவா?"

"வாயை மூடுறா."

"என் கடையை எடுக்கணும்னா உங்க சீலாவையும் கடல்ல போடுங்க," என்றாள் சபீனா.

படகில் கிடந்த சீலா அவர் இடுப்புயர நீளம் இருந்தது. அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"காத்து நிக்கட்டும். மறுபடி பாக்கலாம்."

"இந்தக் கரையில காத்து எப்ப நின்னுச்சு?"

அவர் படகுக்குப் போனார். சீலாவைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

சபீனா தன் துண்டைப் பொரித்து, மரவள்ளி ரொட்டியில் வைத்து, நின்றபடியே தின்றாள். விரலை நக்கினாள். கூட்டம் கலைந்தது. பாதிரியாரைப் பற்றிக் கேட்டவன் மட்டும் நகரவில்லை.

"என்ன, நான் சாகறேனான்னு பாக்க நிக்கிறியா? தட்டு வேணுமா?"

"மொதல்ல அது. சாகலேன்னா தட்டு."

"அப்ப உக்காரு," என்றாள். அடுத்த மீனை எடுத்து முள்ளை நறுக்கத் தொடங்கினாள்.