கைராசிக்காரர்

...தினமும்தானே தண்ணி ஊத்தினேன் என்று இந்தம்மாவும் அதே பாட்டைத்தான் பாடப் போகிறாள், பாடட்டும், கேட்டுக் கேட்டுக் காது புளித்த பாட்டுதானே என்று, செடிக்கடை சூப்பர்வைசர் முகத்தை மட்டும் சிரித்தபடி வைத்துக்கொண்டு, அவள் பையிலிருந்து எடுத்து வைத்த தொட்டியைப் பார்த்தார். கொன்றதும் போதாதென்று பிணத்தையும் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்க வந்துவிடுகிறார்கள்... வேரைத் தொட்டால் கூழாக வருகிறது, நாற்றம் வேறு. இவர்கள் எங்கே செடி வாங்குகிறார்கள், வாசலில் நிறுத்தியிருக்கிற பூவையல்லவா வாங்குகிறார்கள், உரத்தை ஊட்டி ஊட்டிப் பூக்கவைத்து லாரியில் ஏற்றுகிறவன் ஒருவன், பூ உதிர்ந்ததும் பின்பக்கம் தள்ளிவிட நான் ஒருவன், நடுவில் இந்தப் புத்திசாலிகள். செடிக்குப் பக்கத்தில் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் மண் மூட்டை, அதற்கும் பக்கத்தில் சிமெண்ட் தவளை என்று வைத்தால் போதும், வைத்த வரிசையிலேயே தள்ளுவண்டியில் அள்ளிப் போடுவார்கள். தவளை எதற்கு? அதுவாவது சாகாமல் இருக்கும் என்றா?

"தினமும் ஊத்தினீங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல சார்."

"அதான் செத்துப்போச்சு. விரலை உள்ள விட்டு, மண்ணு காஞ்சிருந்தாதான் ஊத்தணும்."

சொல்லி என்ன, மண்டையில் ஏறவா போகிறது. விரல் எல்லாம் இந்த மாதிரி ஆட்களுக்கு, தனக்கு எதற்கு விரல்? வீட்டுப் பால்கனியில் மஞ்சள் ரோஜா, தினமும் காலையில் தன் கையால் ஒரு குவளை தண்ணீர், வருஷம் முழுக்கப் பூ, வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளக்கிறார்களே, கைராசி என்பது பிறக்கும்போதே வர வேண்டும். நீ மட்டும் தொட்டுடாதே, உன் கை பட்டா பட்டுப்போயிடும் என்று மனைவியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார், அதுவும் விருந்தாளிகள் எதிரிலேயே. சரிங்க, சரிங்க என்பாள்.

"சார், அக்காகிட்ட சொல்லிடுங்க," என்றாள் பில் போடுகிற பெண், தலையைத் தூக்காமலேயே. "அவங்க கேட்ட மஞ்சள் ரோஜா இன்னைக்கு லாரியில வந்திருக்கு."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான் சார். நீங்க செடி எடுக்கப் பண்ணைக்குப் போற நாள்ல வந்து வாங்குவாங்களே. போன தடவை வாங்கின செடியும் வேர் அழுகிடுச்சாம், பாவம்."

செத்த தொட்டியோடு நின்றவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இவளெல்லாம் என்னைப் பார்க்கிறாள்... பால்கனியில் தொட்டிதான் பழையது, செடி புதிது, புதிது புதிதாக, அப்படியானால் எத்தனை? ஒவ்வொரு முறையும் அழுகினதைப் பிடுங்கி, புதிதை நட்டு, மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் காபி கலக்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். சிரித்தாளா உள்ளுக்குள்? சிரித்திருந்தால்கூடத் தேவலை, பாவம் பார்த்திருந்தால்? இந்தக் கூட்டத்தையெல்லாம் நான் பார்த்த மாதிரி என்னை அவள்... இல்லை, எனக்குக் கோபம் வரும் என்று பயந்திருப்பாள், அவ்வளவுதான். அவ்வளவுதானா? செடியோடு நிறுத்தியிருப்பாளா? வெளியூரில் இருக்கிற மகன், முகம் கொடுத்துப் பேசாதவன், இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறானே, அப்பாகிட்ட குடுங்கன்னு அவனாவே கேக்கறான், இந்தாங்க என்று போனை நீட்டுவாளே, அவனாகவேதான் கேட்கிறானா...