கிரிவலப் பாதையில் ஒரு ஜெல் பாக்கெட்

1

இந்தக் கதை எனக்கு வேங்கிக்கால் மருந்துக்கடை ஒன்றில் கிடைத்தது. புளித்த ஏப்பத்துக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், ஓடும்போது வயிறு கலங்காமல் இருக்க ஏதாவது உண்டா என்று கேட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான் மாத்திரையை மறந்து, வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

மலையின்மீது சூரியன் தன் பொற்கதிர்களை—

[வேண்டாம். இந்த ஊரில் எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்கி விழுகிறோம்.]

அவளுக்கு அறிவுமதி என்று பெயர் வைத்தேன். அரசு அலுவலகத்தில் வேலை. போன வருடம் மாரத்தான் ஓடப் புதுச்சேரி போனாள். பாதி வழியில் ஜெல் பாக்கெட் ஒன்றைப் பிழிந்து விழுங்கியதும் வயிறு கடமுடா என்றது. (ஜெல் என்பது ஓடிக்கொண்டே விழுங்குவதற்காகப் பாகு பதத்தில் அடைத்து விற்கும் சர்க்கரைச் சத்து.) மீதிப் பந்தயம் கழிப்பறை வாசலில் கழிந்தது. இந்த வருடமாவது ஓடி முடித்துவிட வேண்டும் என்று துடித்தாள். புரதப் பொடி, உப்புக் கரைசல், குடலுக்கு நல்ல பாக்டீரியா அடைத்த மாத்திரை என்று வாங்கி அடுக்கினாள். வயிறு மசியவில்லை.

3

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு படித்தவளுக்கா காரணம் தெரியாது? அதனால் அவளோடு ஓடும் ரேவதியை உள்ளே அனுப்பினேன். பயிற்சியின்போது நடுவில் என்ன சாப்பிடுகிறாய் என்று ரேவதி கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் அறிவுமதி. வேலை கிடைத்தால், மலையைச் சுற்றும்போதெல்லாம் சுற்று முடியும்வரை தண்ணீர் தவிர எதையும் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்தது. அவள் பயிற்சி முழுக்கக் கிரிவலப் பாதையில்தான்.

"ஓடும்போது ரத்தமெல்லாம் காலுக்குப் போயிடுது, வயித்துக்குக் கம்மி. அப்பவும் செரிக்கிறதுக்கு வயித்தைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். நீ காலை மட்டும்தான் பழக்கியிருக்க," என்றாள் ரேவதி.

அறிவுமதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

4

வேண்டுதலைக் கொடுத்தவன் நான்தான். ஒரே கோட்டில் அடித்துவிடலாம். அடித்துப் பார்த்தேன், கதை சப்பென்று ஆகிவிட்டது. அவளைக் கீழ்பென்னாத்தூர் சாலைக்கு மாற்றினேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே விரட்டிவிட்டார்கள்.

முடிவு அ: சாமிக்குப் பயந்து ஓட்டத்தையே விட்டுவிடுகிறாள். [எனக்கே கோபம் வந்தது.]

முடிவு ஆ: யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அவள் மெல்ல— [சாமி பார்க்காதா?]

5

ஞாயிறு காலை, மறுபடியும் கிரிவலப் பாதை, அடி அண்ணாமலை. ஓடிக்கொண்டிருந்த அறிவுமதி நின்று ஜெல் பாக்கெட்டைப் பிரித்தாள். வேண்டுதல் என்ன ஆவது என்று ரேவதி பதறினாள்.

"இந்தச் சுத்து எனக்கு," என்றாள் அறிவுமதி. "சாமிக்குப் பௌர்ணமி அன்னிக்கிப் பட்டினியா நடந்து வரேன். அவருக்கும் எனக்கும் சண்டை ஒண்ணும் இல்ல."

மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பாதியை மட்டும் விழுங்கினாள். ஓடினார்கள். வயிறு ஒருமுறை முனகியது, பிறகு அடங்கிவிட்டது. அவளுக்குச் சந்தோஷம். எழுதிய எனக்கும் சந்தோஷம்.

புதுச்சேரியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் இன்னும் அங்கே போகவில்லை. அவளை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. ஜெயிக்க வைக்கும் அவசரத்தில் முழுப் பாக்கெட்டையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள்.