வலது பக்கம் தெரிந்த வெளிச்சம்

நான் தூங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையை எங்கே ஆரம்பித்தாலும் கேட்பவர்கள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். "சரி மணிவேலு, கொஞ்சம் கண் அசந்துட்டியோ?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வேன் டிரைவர். வேங்கிக்காலில் ராஜமாணிக்கம் முதலாளியின் வேனை ஓட்டுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, ஞாயிற்றுக்கிழமையில் கல்யாணம், காதுகுத்து என்று வெளி டிரிப். அடுத்தவர் பிள்ளையை நம்பி ஏற்றிவிடுகிற வேலையில் டிரைவருக்கு இருக்க வேண்டியது நல்ல பேர் ஒன்றுதான். குடிக்க மாட்டான், போனை நோண்ட மாட்டான், தூங்க மாட்டான் என்ற பேர். எனக்கு அது இருந்தது. அந்த வளைகாப்பு டிரிப் வரைக்கும் இருந்தது.

கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வளைகாப்பு. எங்கள் தெருப் பெண்கள்தான் வேன் முழுக்க. பாதிப் பேர் என் வேனில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் அம்மாக்கள். என் மனைவி கஸ்தூரியும் வந்திருந்தாள், முன் சீட்டில் எனக்கு இடது பக்கம். சாப்பிட்டு முடித்து, தாம்பூலப் பை வாங்கி, இன்னும் ஒருத்தி வரணும், இதோ வந்துட்டா என்று ஒவ்வொருவராக ஏறி உட்காருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. கொஞ்ச தூரம் வரைக்கும் யாருக்கு எந்த வளையல் என்று பேச்சு ஓடியது. பிறகு புளிசாதமும் தயிர்சாதமும் தங்கள் வேலையைக் காட்டின. தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தூங்கியது அவர்கள். நான் இல்லை.

ஏரிக்கரையைத் தாண்டி வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே வரும்போதுதான் அதைப் பார்த்தேன். என் வலது பக்கம், பனைமரங்களுக்கு மேலே, மூன்று வெளிச்சம். டியூப்லைட் பிடிப்பதற்கு முன்னால் நீலம் கலந்த ஒரு வெள்ளை வருமே, அந்த நிறம். மூன்றும் ஒரே வரிசையில் அசையாமல் நின்றன. விமானம் என்றால் மினுக்கும், சத்தம் வரும். இதில் மினுக்கலும் இல்லை, சத்தமும் இல்லை. வேகத்தைக் குறைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். திடீரென்று நடுவில் இருந்தது மட்டும் வரிசையை விட்டு இறங்கி, நேராக எங்களைப் பார்த்து வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்கியது, வண்டி ஒரு ஆட்டம் ஆடிக் கொல்லைக்குள் போய் நின்றது.

யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் பின்னாலிருந்து ஒரே அலறல். "டிரைவர் தூங்கிட்டாரு!" என்று முதலில் கத்தியது வினோதினி. இங்கே ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், அவருடைய மகள் என் வேனில்தான் வருகிறாள்.

"இல்லைங்க! அங்க பாருங்க, அங்க!" நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினேன்.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த கஸ்தூரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். "ஜோதி! ஐயோ, ஜோதி! அண்ணாமலையாருக்கு அரோகரா!"

அவ்வளவுதான், வேன் முழுக்க அரோகரா. அத்தனை கைகளும் தலைக்கு மேலே. அத்தனை கண்களும் மூடிவிட்டன. எங்கள் ஊர்க்காரர்களிடம் இது ஒரு பழக்கம். கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலையார் மலையைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கக் காத்துக் கிடப்பார்கள், தீபம் தெரிந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். "கண்ணைத் திறங்கம்மா! திறந்து பாருங்கம்மா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் திறக்கவில்லை. கும்பிட்டு முடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கண்ணைத் திறந்தபோது வானத்தில் நட்சத்திரம்தான் இருந்தது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார்.

"ஒரு அம்மா போன் பண்ணி டிரைவர் தூங்கிட்டாருன்னு சொல்றாங்க. இன்னொரு அம்மா ஜோதி தெரிஞ்சுதுன்னு சொல்றாங்க. எதுப்பா நெசம்?"

"ரெண்டும் இல்லைங்க முதலாளி." நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

"அப்ப அது என்னாதான்பா?"

"தெரியலைங்க."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "தெரியலைன்னு நான் போயி பெத்தவங்ககிட்ட சொல்ல முடியுமா? ஞாயித்துக்கிழமை எல்லா அம்மாங்களையும் இங்க ஷெட்டுக்கு வரச்சொல்றேன். அவங்க சரின்னா நீ ஓட்டு. இல்லைன்னா வேற ஆளைத்தான் போடணும். எனக்கு வேற வழி இல்லை." அதுவரைக்கும் வேறொருவன் என் வேனை ஓட்டுவான் என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான். அதனால் திட்டவும் முடியவில்லை.

சரி, ஒரு வேன் நிறைய சாட்சி இருக்கிறார்களே, ஒருத்தராவது பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல மாட்டார்களா என்று வீடு வீடாகக் கிளம்பினேன். முதலில் சந்திரம்மாள். தெருவிலேயே பெரியவர், பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னாலதாம்பா எனக்கு அந்தக் காட்சி கிடைச்சுது. மலை உச்சியில அப்படியே தகதகன்னு..."

"அம்மா, மலை நமக்கு எதிர்ல இருந்துது. நான் காட்டினது வலது பக்கம்."

"சாமிக்கு ஏதுப்பா வலது, இடது?"

"சரிம்மா. எத்தனை வெளிச்சம் பார்த்தீங்க?"

"ஒண்ணுதான். ஜோதி ஒண்ணுதானேப்பா?"

"கண்ணால பார்த்தீங்களா?"

"கண்ணை மூடிட்டுதான் பார்த்தேன். மூடினப்புறம்தான் நல்லா தெரிஞ்சுது."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த வீட்டில் வெளிச்சத்துக்கு நடுவே தாடி வைத்த சித்தர் உட்கார்ந்திருந்தாராம். அதற்கடுத்த வீட்டில் சித்தர் எழுந்து நின்றுவிட்டார். நான் தெருக்கோடிக்குப் போவதற்குள் அவர் ஆசீர்வாதமே கொடுத்துவிட்டார். 

வினோதினி மட்டும் நேராகப் பேசினார். "நான் எதையும் பார்க்கலைங்க. முழிச்சப்போ வண்டி கொல்லைக்குள்ள இருந்துது. எல்லாரும் கும்பிட்டாங்க, நானும் கண்ணை மூடிட்டேன். பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படிங்க சொல்றது?"

"நான் சொல்றதையாவது நம்புறீங்களா?"

"என் பொண்ணு உங்க வண்டியில வர்றா. பார்த்தவங்க ஒருத்தராவது சொன்னா நம்பலாம்." 

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நானும் அவர் இடத்தில் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன். அதனால் ஆத்திரம் இன்னும் ஜாஸ்தியானது.

டீக்கடையில் கலையரசன் என்று ஒருவன், எல்லாம் தெரிந்தவன். முதலில் ட்ரோன் என்றான். ராத்திரியில் யார் ட்ரோன் விடுவார்கள் என்றதும் டவர் லைட் என்றான். டவர் லைட் இறங்கி வருமா என்றதும், "அண்ணே, உங்களுக்கு சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டான். யூடியூப் சேனல்காரர் ஒருவர் மைக்கோடு வந்தார். நான் முழுதாகச் சொல்லி முடித்ததும், "கடைசியில 'அது என்னன்னு தெரியல'ன்னு வருதுல்ல, அதை மட்டும் மாத்திக்கலாம்ணே. 'சித்தர்னு நினைக்கிறேன்'னு சொல்லுங்க. நினைக்கிறேன்தானே, பொய் இல்லையே" என்றார். என் சட்டையில் மாட்டியிருந்த மைக்கைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவைத்தேன்.

எனக்கு இருந்தது ஒரே நம்பிக்கை, கஸ்தூரி. முன் சீட்டில் இருந்தவள். எல்லாருக்கும் முன்னால் கத்தியவள். பார்க்காமலா கத்துவாள்? ஆனால் அவளிடம் கேட்டால் பிடி கொடுக்கவே மாட்டேன் என்கிறாள்.

"எத்தனை வெளிச்சம் பார்த்த, கஸ்தூரி?"

"கும்பிடும்போது எண்ணிட்டா இருப்பாங்க?" வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கும்பிடறதுக்கு முன்னாடி பார்த்திருப்பல்ல? மூணா, ஒண்ணா?"

"நீங்க சொல்றதுதான்."

"நான் சொல்றதை விடு. உன் கண்ணுக்கு என்னா தெரிஞ்சுது?"

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, ஜோதின்னு சொல்லிட்டுப் போனா உங்களுக்கு என்னா கொறைஞ்சு போவுது? ஊரே சொல்லுது. முதலாளியும் அதைத்தான் எதிர்பார்க்கறாரு. நீங்க ஒருத்தர்தான் தெரியல, தெரியலன்னு கெடுத்துக்கறீங்க."

"அது சாமி இல்லைன்னு நான் சொல்லலியே. சாமிதான்னும் சொல்லல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எப்படிச் சொல்றது?"

"வண்டி இல்லாம உக்கார்ந்திருக்கறது மட்டும் நல்லாருக்கா?" என்று திரும்பிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. காலையில் வேறொருவன் என் வேனை எங்கள் தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போவான். பிள்ளைகள் ஜன்னலில் இருந்து எனக்கு டாட்டா காட்டும். நான் உள்ளே போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் எல்லாரும் கூடினார்கள். வேனுக்குச் சந்திரம்மாள் சாமந்தி மாலை போட்டு, கண்ணாடியில் விபூதிப் பட்டை இழுத்து வைத்திருந்தார். முதலாளி என்னைப் பேசச் சொன்னார். நான் வழக்கம் போலவே சொன்னேன். வலது பக்கம், மூன்று, நீலம் கலந்த வெள்ளை, ஒன்று இறங்கி வந்தது, என்னவென்று தெரியாது. சந்திரம்மாள் முகம் சுளித்தார். வினோதினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேன்னு சொல்ல வேற யாராவது இருக்கீங்களா?" என்று முதலாளி கேட்டார். "இருந்தா கற்பூரம் அடிச்சு சொல்லுங்க. எல்லார் மனசும் தெளிவாயிடும்." அவரே ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றி வைத்தார். ஜோதி, சித்தர் என்று அத்தனை கதை சொன்னவர்களும் அந்தத் தட்டைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கஸ்தூரி எழுந்தாள்.

"நான் முன் சீட்ல இருந்தேன். அவரு நல்லா முழிச்சிட்டுதான் இருந்தாரு. மூணு வெளிச்சம். வலது பக்கம், பனைமரத்துக்கு மேல. நடுவுல இருந்தது கீழ எறங்கி வந்துது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்." சொல்லிவிட்டு, எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை ஓங்கி அடித்து அணைத்தாள்.

ஷெட்டில் அரோகரா எழுந்தது. வினோதினி என்னிடம் வந்து, "மன்னிச்சுக்கங்க. நாளைக்கு வழக்கம்போல பொண்ணை ஏத்தி விடறேன்" என்றார். முதலாளி சாவியை என் கையில் வைத்தார். எனக்கு அதெல்லாம் காதில் சரியாக விழவில்லை. மூணு என்று சொன்னாளே, வலது பக்கம் என்று சொன்னாளே என்பதிலேயே மனது நின்றது. இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இன்னொருத்தர் வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கினேன். அவள் உள்ளங்கை சிவந்து போயிருந்தது. தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவிக்கொண்டே கேட்டேன். "இவ்வளவு தெளிவா பார்த்திருக்க. என்கிட்ட ஏன் சொல்லாம இருந்த? எப்படித் தவிச்சேன் தெரியுமா?"

அவள் பூப்பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நான் எங்கங்க பார்த்தேன்?"

தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"நானும் தூங்கிட்டுதான் இருந்தேன். வண்டி ஆடினதும் முழிச்சேன். டிரைவர் தூங்கிட்டாருன்னு அந்தம்மா கத்தறாங்க. நீங்க எங்கியோ கையைக் காட்டி என்னமோ சொல்றீங்க. எனக்கு ஒண்ணும் தெரியல, ஒரே இருட்டு. வேலை போயிடும்னு பயம் வந்துடுச்சு. சட்டுனு ஜோதின்னு கத்திட்டேன். கத்தினா எல்லாரும் கண்ணை மூடிடுவாங்க, அங்க ஒண்ணும் இல்லைன்னு யாருக்கும் தெரியாம போயிடும்னுதான்."

அவள் கத்தியதால்தான் எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் கத்தியிருக்காவிட்டால் ஒருத்தியாவது பார்த்திருப்பாள்.

"மூணு, வலது பக்கம்னு எல்லாம் சொன்னியே?"

"வாரம் பூரா நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க. மனப்பாடம் ஆயிடுச்சு." 

"கற்பூரம் அடிச்சியே, கஸ்தூரி."

"அந்தப் பாவம் என்னோட போவட்டும்."

"நான் நெசமா பார்த்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது. "நான் தூங்கலை. நீயாவது நம்புடி."

"நான் உங்களைத் தப்பு சொல்லலியே. விடியக்காலையில எந்திரிச்சு ஓடற மனுஷன். அசதி இருக்காதா?" எண்ணெய்க் கையாலேயே என் தலையைக் கோதிவிட்டாள். அவள் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அடுத்த டிரிப்புக்கும் நான் வர்றேங்க. பக்கத்துலயே முழிச்சிட்டு உக்கார்ந்திருக்கேன்."