நடுவயலில் கானாங்கோழிகள்

மழைக்கு முன்னால் முடித்துவிட, அறுவடை இயந்திரம் வரப்போரம் தொடங்கிச் சுற்றிச் சுற்றி அறுத்தது. கானாங்கோழிகள் நடுவயலில் மிஞ்சிய நெல்லுக்குள் ஒடுங்கின. கடைசிச் சுற்றில் அவை வெளியே பாய்ந்தாக வேண்டும். வாய்க்கால் பக்கம் வலை கட்டிக் காத்திருந்தார்கள் சிவனாண்டியும் அவன் மச்சினனும். அறுப்பு முடிந்தால் கானாங்கோழிக் கறி என்பது வழக்கம்.

திருமங்கலம் பக்கம் இடி இடித்தது. மூலைக்கதிரைக் கையால் அறுத்துக்கொண்டிருந்த சிவனாண்டியின் மனைவி ஜெயக்கொடி ஓடிவந்து இயந்திரத்தை மறித்தாள். அது நின்றதும் வாய்க்கால் பக்கம் போய் அரிவாளால் வலையை நெடுகக் கிழித்தாள்.

“கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?” சிவனாண்டி கை ஓங்கினான்.

அவள் நகரவில்லை. “ஓட்டுங்கண்ணே!” என்றாள் ஓட்டுநரிடம். இயந்திரம் உறுமியது. கோழிகள் கிழிசல் வழியாக வாய்க்கால் புதருக்குள் சிதறின. ஜெயக்கொடி கணவன் பக்கம் திரும்பினாள்.

“மருந்தே அடிக்காத நெல்லுன்னுதான வியாபாரிகிட்ட வெல பேசுன? பூச்சியத் தின்னது யாரு, எந்தம்பியா?”