ஐந்தாம் ஆண்டின் பொறுப்பாளர்

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்த அட்டவணையிலும் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. குழாயில் தண்ணீர் வராமல் இருக்கலாம். கட்டத்தில் எழுத்து வராமல் இருக்கக் கூடாது. காலிக் கட்டத்தோடு மேலே போகும் கோப்பு, சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வரும்.

இந்தச் சட்டத்துக்குக் காவலாளி நகல். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இருபத்தாறு வருடமாக அங்கே உள்ள அத்தனை அறிக்கைகளையும் தட்டச்சு செய்து, திருத்தி, நகலெடுத்துக் கொடுத்ததில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் இயக்குநர் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டுத் திரும்பினார். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் தொலைநோக்கு. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே இருக்கும் காப்பிக் கோப்பை அவருக்குத் தெரியாது. ஐந்து வருடம் தள்ளி நடக்கப்போவது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

"செயற்கை நுண்ணறிவு வாசல்ல வந்து நிக்குது," என்றார் கூட்டத்தில். பின்வரிசையில் ஒருவர் திரும்பி வாசலைப் பார்த்தார். "அவசரக் கோலத்துல எதையும் செய்ய வேண்டாம். நமக்கு வேண்டியது நீண்டகாலத் திட்டம். அஞ்சு வருஷம். ஒவ்வொரு வேலைக்கும் எதிர்ல ஒரு பொறுப்பாளர். பதவியைப் போடாதீங்க, பேரைப் போடுங்க. பதவி எதுக்கும் பொறுப்பேத்துக்காது, மனுஷன்தான் ஏத்துக்குவான்."

ஆலோசகர் ஒருவர் வந்தார். படம் காட்டினார். போனார். மிஞ்சியது அட்டவணை. முதலாம் ஆண்டு, புகார்களைப் பார்க்க இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தல். இரண்டாம் ஆண்டு, இயந்திரமே புகார்களை வரிசைப்படுத்துதல். மூன்றாம் ஆண்டு விரிவாக்கம்; நான்காம் ஆண்டு ஒருங்கிணைப்பு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டவர் பெயரே அந்தக் கட்டத்தில் ஏறிவிடும் அபாயம் இருந்தது. ஐந்தாம் ஆண்டு, இயந்திரம் தவறும் இடங்களில் மனித மேற்பார்வை.

பெயர் கேட்டு நகல் மேசை மேசையாகப் போனபோதுதான் அலுவலகத்தின் உண்மையான நுண்ணறிவு வெளிப்பட்டது. எல்லோருக்கும் ஐந்தாம் ஆண்டுதான் வேண்டும். ஐந்து வருடத்தில் இயக்குநர் மாறுவார், திட்டம் மாறும், கட்டடமே மாறினாலும் மாறும். கணக்குப் பிரிவு அதிகாரி ஓய்வு பெற மூன்றே வருடம் பாக்கி; முதலில் கை தூக்கியவர் அவர்தான். முதலாம் ஆண்டுக்கு ஈ, காக்கைகூட வரவில்லை. வழக்கப்படி, அன்று விடுப்பில் இருந்த வரைபடப் பிரிவுக்காரர் பெயரை அதில் போட்டாயிற்று.

ஐந்தாம் ஆண்டுக்கு நகல் தன் மச்சான் பெயரைப் போட்டான். ஊருக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுப்பவன், சொந்த அக்காவின் புருஷனுக்கு ஒரு நிழலான இடம் பிடித்துக் கொடுக்கக் கூடாதா?

மச்சானும் அங்கேதான் வேலை பார்த்தார், புகார்ப் பிரிவில். தினமும் காலையில் வந்து குவிந்திருக்கும் புகார்களைப் படித்து, எந்த வீட்டுக்கு முதலில் ஆள் போக வேண்டும் என்று முடிவு செய்வது பத்தொன்பது வருடமாக அவர் வேலை.

மதியம் அவர் நகலின் மேசைக்கு வந்தார்.

"மாப்ளே, என்னை எங்க போட்டிருக்கே?"

"நல்ல நிழல்ல. அஞ்சாவது வருஷம். கால்லயெல்லாம் விழ வேண்டாம் மச்சான், அக்காகிட்டச் சொல்லி ஞாயித்துக்கிழமை நல்லதா சமைக்கச் சொல்லுங்க, போதும்."

"முதல் வருஷத்துக்கு மாத்து."

"புத்தி கித்தி பிசகிடுச்சா? வெயில்ல நிக்கறேன்னு யாராவது வரிசையில வருவாங்களா?"

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவ்வளவு தூரத்துக்கு எனக்கு டிக்கெட் இல்ல மாப்ளே."

நகல் சிரித்தான். மச்சான் எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் யோசிப்பது அவன் வழக்கம். இந்தமுறை யோசனை வந்து சேர்ந்தபோது சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கணையம். ஆறு மாசம்னு சொல்றாங்க. டாக்டர் கையை விரிச்சுட்டாரு, நீ அஞ்சு வருஷம் குடுத்திருக்கே. அவரைவிட நீ தாராளம்."

"அக்காவுக்கு?"

"தெரியாது. பாப்பாவுக்குப் பரீட்சை முடிய இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

"அக்காகிட்ட மட்டுமாவது..."

"உங்க அக்கா முகத்துல எதையாவது மறைச்சு நீ பார்த்திருக்கியா? அவளுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிஷம் பாப்பாவுக்குத் தெரியும். வேண்டாம் மாப்ளே. மூணு மாசம் வாயை மூடிக்கிட்டு இரு. உனக்குக் கஷ்டம்தான்."

நகல் அட்டவணையைத் திறந்தான். பெயரை முதலாம் ஆண்டுக்கு நகர்த்தக் கை போனது, பாதியில் நின்றது. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் முதலாம் ஆண்டை யாரும் கேட்டு வாங்கியதில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். ஒருவர் கேட்டால் நாற்பது பேருக்குத் தெரியும்; நாற்பதில் நான்கு பேராவது அக்காவைத் தெரிந்தவர்கள். பெயரை இருந்த இடத்திலேயே விட்டான்.

ஆனால் வேலையை மச்சான் விடவில்லை. வரைபடப் பிரிவுக்காரருக்குத் தலையிலிருந்த பாரம் இறங்கினால் சரி. யார் இறக்கினார்கள் என்று கேட்கவில்லை. தினமும் ஐந்து மணிக்கு மேல் மச்சான் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். ஐந்தாண்டுத் திட்டத்தில் நிஜமாகவே நடந்த ஒரே வேலை அதுதான். அவர் சொல்லச் சொல்ல நகல் தட்டச்சு செய்தான்.

இயந்திரம் முதலில், யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்கள் வீட்டுக்கு முதலில் ஆள் அனுப்பச் சொன்னது. 'அவசரம்' என்ற சொல் மூன்று முறை வந்தால் முதலிடம். திட்டினால் அதற்கும் மேலே.

"இது நம்ம இயக்குநர்கிட்டயே கத்துக்கிட்டு வந்திருக்கு போல," என்றார் மச்சான். "எழுதிக்கோ. ஒண்ணும் அவசரமில்லைன்னு சொல்றாங்க பாரு, அவங்க வீட்டுக்குத்தான் முதல்ல ஆள் போகணும்."

"அது எப்படி மச்சான்? அவங்களே அவசரமில்லைங்கறாங்க."

"கத்துறவனுக்குக் கேக்க ஆள் இருக்குன்னு நம்பிக்கை இருக்கு. அவசரமில்லைங்கறவங்க நாலு நாள் பல்லைக் கடிச்சுச் சமாளிச்சுப் பார்த்துட்டு, இனிமே முடியாதுன்னுதான் நமக்கே சொல்லுவாங்க. அப்பவும் அடுத்தவனுக்குத் தொந்தரவு வேண்டாம்னு நினைப்பாங்க."

நகல் தட்டச்சு செய்தான். அடுத்தவனுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைக்கிற ஓர் ஆள் பக்கத்து நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன?

மச்சான் வீட்டில் வேறு யுத்தம்.

"வீட்டுக்கு வர்ற வழி மறந்துபோச்சா?" என்றாள் அக்கா, நகல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள். "பொண்ணு பரீட்சைக்குப் படிக்கறா, பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை சொல்ல ஆளில்ல. அந்த மெஷினையே கட்டிக்கோங்க."

"கேட்டுப் பார்த்தேன். அதுக்கு என்னைப் பிடிக்கலையாம்," என்றார் மச்சான்.

"பிடிக்காது. ஆளைப் பாரு, காத்தடிச்சாப் பறந்துடுவாரு போல. இந்த வயசுல உடம்பை இளைக்க வைக்கறாராம், உடம்பை! யாருக்குக் காட்ட? நீயாவது கேளேன்டா."

நகல் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறி, அதற்கப்புறம் நான்கு நாள் புருஷனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளே சமாதானமானாள். அதுவும் அவர்கள் வீட்டு வழக்கம்தான்.

பரீட்சை முடிந்த மறுநாள் மச்சான் வீட்டில் சொன்னார். அப்புறம் பத்தொன்பது நாள் இருந்தார். அந்த வருடம் தாமதமே ஆகாமல், சொன்ன கெடுவுக்கு முன்பாகவே முடிந்தது அது ஒன்றுதான்.

மேசையைக் காலி செய்ய அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். ஒரு கண்ணாடிக்கூடு, மாற்றுச் சட்டை, மூடியில்லாத இரண்டு பேனா. எல்லாம் ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது. வெளியே வரும்போது நடைச்சுவரில் ஐந்தாண்டுத் திட்டம் கதவு அளவுக்குப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தது. வருகிற போகிறவர்களுக்குத் தொலைநோக்கு தெரிய வேண்டுமென்று இயக்குநர் ஏற்பாடு. அவள் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் நின்றாள்.

"இது யாரு டைப் பண்ணது?"

"நான்தான்க்கா."

"அஞ்சாவது வருஷம்னு அவர் பேரைப் போட்டப்போ உனக்குத் தெரியுமா?"

"போட்டப்போ தெரியாதுக்கா. சத்தியமா."

அக்கா அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது பார்க்கும் அதே பார்வை. "எடுக்காம விட்டப்போ?"

நகல் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான்; அவள் கொடுக்கவில்லை.

"மொத்தமே நூறு சொச்சம் நாள்தான்டா இருந்துச்சு," என்றாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அதுல நாலு நாள் நான் அவர்கூடப் பேசல. நீ எதிர்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தே."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதோடு பேச்சு நின்றது. அவன் வீட்டுக்குப் போனால் அக்கா மகள் கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள். அக்கா உள்ளறையை விட்டு வரமாட்டாள். நான்கு முறை போனான். பிறகு போவதை நிறுத்தினான்.

வருடம் திரும்பியது. திட்டத்தின் முதல் ஆய்வுக்கூட்டம். அறிக்கையை இயந்திரமே தயாரித்திருந்தது. நகல் அதைத் திரையில் ஓட்டினான். ஒருங்கிணைப்புக்கு முன்தயாரிப்பு, தாமதம். விரிவாக்கத்துக்கு முன்தயாரிப்பு, தாமதம். வரிக்கு வரி சிவப்பு; முடிந்ததாக யாரும் எழுதிக் கொடுக்காத முதலாம் ஆண்டும்கூட. இந்த வருடம் செய்ய எதுவுமே இல்லாத கடைசி வரி மட்டும் பச்சை.

"இங்க பாருங்க," என்று இயக்குநர் முகம் மலர்ந்தார். "இத்தனை பேர்ல ஒருத்தர்தான் தாமதமே இல்லாம..." பெயரை வாசித்தார். வாசித்த பிறகுதான் அது யார் பெயர் என்று அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி... வேற பேர் போட்டுடுங்க. காலியா மட்டும் விட்டுடாதீங்க." கணக்குப் பிரிவு அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

நகல் பெயரை அழித்தான். ஒரே தட்டில் அழிக்க மனம் வரவில்லை; ஒவ்வோர் எழுத்தாக, பின்னாலிருந்து. கட்டம் வெறுமையானது.

"அதுக்குள்ள இன்னிக்கு வந்த புகாரை ஒருதரம் காட்டுங்க," என்றார் இயக்குநர் பேச்சை மாற்ற. திரையில் அன்றைய வரிசை வந்தது. மொத்தம் முப்பத்தேழு. பிரதான குழாய் உடைப்பு, இரண்டாமிடம். ஒரு தெருவுக்கே தண்ணீர் இல்லை, மூன்றாமிடம்.

முதலிடத்தில் இது இருந்தது: 'மீட்டருக்குப் பக்கத்தில் குழாய் சொட்டுகிறது. ஒன்றும் அவசரமில்லை. நேரம் கிடைக்கும்போது ஆள் அனுப்பினால் போதும்.'

இயக்குநர் மேசையைத் தட்டினார். "பார்த்தீங்களா? சொட்டுற குழாய்க்கு முதலிடம்! அவங்களே அவசரமில்லைங்கறாங்க. இதுக்குத்தான் மனித மேற்பார்வை வேணும்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கறேன். நகல், அதைக் கீழே இறக்குங்க."

நகல் விலாசத்தைப் படித்தான். படிக்கத் தேவையில்லை, நான்கு முறை போய்த் திரும்பிய, மனப்பாடமான விலாசம்.

அவன் எழுந்து நின்றான்.

"எங்க கிளம்பிட்டீங்க? கட்டம் காலியா இருக்கு."

"இருக்கட்டும் சார்."

இருபத்தேழு வருடத்தில் முதன்முறையாக ஓர் அட்டவணையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அவன் கீழே இறங்கினான். வாசலில் குழாய்க்காரர் பையை மாட்டிக்கொண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நகல் விலாசத்தைச் சொன்னான்.

"வெறும் சொட்டுதானே சார்? சாயங்காலம் போனாப் போதாதா? மெயின் உடைஞ்சு கிடக்கு."

"நீ மெயினைப் பாருப்பா. அந்த ஸ்பேனரை மட்டும் குடு."

"உங்களுக்குத் தெரியுமா சார் இதெல்லாம்?"

"தெரியாது," என்றான் நகல், கையை நீட்டியபடி.