போடாத பந்தி

ஆடி முதல் வெள்ளியன்று காலையில், தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் லட்சுமணசாமியின் தோட்டத்தில், பன்றித் தொட்டி கல்யாணச் சாப்பாட்டால் தானாக நிறைந்திருந்தது. சாம்பார் ஊறிய சோறு, பிய்த்துப்போட்ட ஒப்பட்டு, பாதி கடித்த லட்டு, பாயசத்தில் நனைந்த அப்பளம், ஐஸ்கிரீம் வழிந்த வாழையிலைகள். சோறு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, ஐஸ்கிரீம் குளிர்ந்திருந்தது. காந்திபுரத்து ஓட்டல்களில் வாங்கி வந்த மிச்சத்தை டிரம்மோடு மொபெட்டிலிருந்து இறக்கிவைத்துவிட்டு லட்சுமணசாமி வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் அவருக்கு ஆச்சரியம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

சந்தேகப்படுவது அவருக்குத் தொழிலாக இருந்த ஒன்று. மூடிப்போன ஒரு நூல்மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். போல்ட்டு ஒன்று குறைந்தாலும் யார் கால்சட்டைப் பையில் அது போயிருக்கும் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பேர். மில் மூடியபின் இந்தத் தோட்டத்தில் வெண்பன்றி வளர்க்க ஆரம்பித்தபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள், பத்திரிகை வைப்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். மனைவி ராமாமணி நடுவில் கம்பிவேலி ஒன்று போடச்சொல்லி, வேலிக்கு இந்தப்பக்கம் நாட்டுக்கோழி வளர்த்தார். பன்றிப் பக்கம் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. அவர்களுக்கு ஒரே மகள் அக்ஷிதா. பவானியில் ஜமக்காளம் நெய்கிற வீட்டுப் பையன் தமிழ்ச்செல்வனை அவள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து லட்சுமணசாமி மகள் பெயரை உச்சரித்ததில்லை, பிறர் உச்சரிக்க விட்டதுமில்லை.

முதல் சந்தேகம் பக்கத்துத் தென்னந்தோப்புத் திருமலைசாமி மேல் விழுந்தது. பன்றி நாற்றம் தாங்கவில்லை என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தவர் அவர். விருந்து மாதிரி விஷத்தை வைத்திருப்பார் என்று நினைத்து, லட்சுமணசாமி தொட்டியைக் கவிழ்க்கப் போனார். அதற்குள் சினைப்பன்றி ஒன்று தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்து வாய் வைத்துவிட்டது. மற்றவையும் வந்தன. சாயங்காலம்வரை ஒவ்வொன்றின் கண்ணையும் மூக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். பன்றிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பக்கவாட்டில் படுத்துத் தூங்கின, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளியும் தொட்டி நிறைந்தது. இந்த முறை அவர் குச்சியால் கிளறிப் பார்த்தார். ஒப்பட்டின் பூரணத்தில் தேங்காயும் கசகசாவும் கலந்திருந்தன. அப்படிச் செய்கிற வழக்கம் ராமாமணியின் பிறந்தவீட்டில்தான் உண்டு. சந்தேகம் வேலி தாண்டி வீட்டுக்குள் வந்தது. எங்கேயோ ஒரு விசேஷத்துக்குத் தன்னைக் கூப்பிடாமல் பெண்டாட்டி மட்டும் போய்வருகிறாள் என்று முடிவு செய்து, அவள் எப்போது கதவைத் திறக்கிறாள், செருப்பில் எந்த ஊர் மண் ஒட்டியிருக்கிறது என்றெல்லாம் பார்க்கத் தொடங்கினார். செருப்பில் கோழி எச்சம் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் கோழிகள் காட்டிக்கொடுத்தன. வேலியின் கீழே நுழைந்துபோய்த் தொட்டியோரம் சிந்திய பருக்கைகளைப் பொறுக்கிய அவை ஏலக்காய் மணக்கும் முட்டைகளை இட்டன. முட்டை வாங்குகிறவர்கள், கோழிக்கு என்ன தீனி போடறீங்க என்று கேட்டார்கள். ராமாமணி, கம்பும் சோளமும்தானுங்க என்றார். ஆம்லெட்டை முகர்ந்துவிட்டு லட்சுமணசாமி தட்டைத் தள்ளிவைத்தார்.

காந்திபுரத்தில் கேமரா வாங்கி வந்து கொட்டிலுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமை பதிவில் காலி தொட்டி தெரிந்தது, பிறகு நிறைந்த தொட்டி தெரிந்தது. நடுவில் ஒரு காக்கை தலையைத் திருப்பியது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. கேமரா விற்ற கடைக்காரனையும் சந்தேகித்து, அடுத்த வாரம் நாற்காலி போட்டுத் தானே தொட்டியின் எதிரில் உட்கார்ந்தார். விடிந்து வெயில் ஏறும்வரை கண்ணை எடுக்கவில்லை. ஒரு தும்மல் வந்தது. தும்மிவிட்டுப் பார்த்தபோது எலுமிச்சை சாதமும் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் தொட்டி விளிம்புவரை இருந்தன. அவற்றின் நடுவே பச்சை வளையல் துண்டுகள் மின்னின. பன்றி வாயில் குத்திவிடும் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தபோதுதான் இது வளைகாப்புச் சாப்பாடு என்று அவருக்கு உறைத்தது. உடைந்த வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்துவைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளியன்று பிறந்தநாள் கேக் வந்தது. ரோஸ் நிறக் க்ரீமில் எழுதியிருந்த பெயர் மட்டும் அழியாமல் இருந்தது. அந்தத் துண்டை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, பன்றிக் கொட்டிலிலிருந்து நேராக அடுப்படிக்கு வந்து ராமாமணியின் முன்னால் வைத்தார்.

“மேக்னான்னு போட்டிருக்குது. யாரு இது?”

ராமாமணி தட்டையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். “உங்க பேத்திங்க” என்றார்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. வாரத்துக்கு ஒருமுறை கோழிக்குத் தீனி போடுகிற சாக்கில் கூண்டுக்குள் உட்கார்ந்து மகளோடு போனில் பேசுவதை ராமாமணி ஒளிக்காமல் சொன்னார். ஆனால் தொட்டியில் தான் எதையும் போடவில்லை, போட எதுவும் இருந்ததுமில்லை என்றார். கல்யாணத்தன்று அக்ஷிதாவும் தமிழ்ச்செல்வனும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் ஆளுக்கு இரண்டு புரோட்டா சாப்பிட்டார்கள். வளைகாப்பு தாய்வீட்டார் செய்யவேண்டியது, அதனால் நடக்கவில்லை. குழந்தையின் முதல் பிறந்தநாள் ஊரடங்கில் வந்தது, பேக்கரி திறக்கவில்லை.

“நாம போட்டிருக்கோணும், போடாம உட்டுப்போட்டோம். அந்தப் பந்திதானுங்க இதெல்லாம்” என்றார். சொல்லிவிட்டுக் கேக்கை எடுத்துக்கொண்டுபோய்க் கோழிகளுக்கு உதிர்த்துப் போட்டார்.

லட்சுமணசாமி இதில் பாதியைத்தான் நம்பினார். தாயும் மகளும் சேர்ந்து தன்னை வளைக்க ஏதோ செய்கிறார்கள் என்பது மீதிப் பாதி. இரண்டு மாதம் அவர் மனைவியோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் தொட்டியில் காதுகுத்துக் கறிச்சோறு வந்தது, புதுவீட்டுப் பால் பொங்கல் வந்தது. ஒருநாள் விடியும்போது மலையிலிருந்து இறங்கிய ஒற்றை யானை, வெல்லம் மணக்கும் அந்தத் தொட்டியைத் துதிக்கையால் முகர்ந்துவிட்டு, வாய் வைக்காமல் திருமலைசாமியின் தோப்புக்குப் போய் இரண்டு தென்னையைச் சாய்த்தது. அதற்கும் லட்சுமணசாமிதான் காரணம் என்று திருமலைசாமி சந்தேகப்பட்டார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பன்றிகள் தொட்டியை விட்டு விலகிச் சுவரோரம் நின்றன. லட்சுமணசாமி எட்டிப் பார்த்தார். வாழைக்காய்ப் பொரியல், அகத்திக்கீரை, பாகற்காய், உளுந்து வடை, எள்ளுருண்டை. எத்தனையோ கருமாதிக்குப் போய் உட்கார்ந்து எழுந்தவர் அவர். வேலிவரை ஓடிவந்து ராமாமணியைக் கூப்பிட்டார். அந்தம்மாள் அன்றுதான் முதன்முதலாக வேலியைத் தாண்டிப் பன்றிக் கொட்டிலுக்குள் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் அங்கேயே நின்று மகளுக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

லட்சுமணசாமி அப்போது செய்த காரியத்தை ஊரில் இன்றும் சொல்வார்கள். நேராகத் தென்னந்தோப்புக்குப் போய், வீட்டுச் சாவி, கொட்டில் சாவி, கோழிக்கூண்டுச் சாவி மூன்றையும் திருமலைசாமியின் கையில் கொடுத்து, “தொட்டில இருக்கறத மட்டும் யாரும் தொடாம பாத்துக்கங்க. நாங்க பவானி போயிட்டு வாரோம்” என்றார். திருமலைசாமி சாவிகளை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். டவுன்பஸ்ஸில் காந்திபுரம், அங்கிருந்து பவானி. அவிநாசி தாண்டும்போது ராமாமணியின் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

பவானியில் விசாரித்துக்கொண்டு போய் நின்ற வீட்டின் கதவை அக்ஷிதாவே திறந்தாள். குழந்தை போனில் சத்தத்தை அணைத்துவைத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. லட்சுமணசாமி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே சுவரில் தமிழ்ச்செல்வனின் தாயார் மாலை போட்ட படத்தில் இருந்தார். தமிழ்ச்செல்வன் தண்ணீர்ச் சொம்போடு வந்து, “வாங்க மாமா” என்றான். அந்தச் சொல்லை அவன் எட்டு வருஷமாகப் பழகி வைத்திருந்ததுபோல் இருந்தது.

“ஏனப்பா, திடீர்னு?” என்று அக்ஷிதா கேட்டாள்.

“பன்னித் தொட்டில கருமாதிச் சாப்பாடு கெடந்துச்சு கண்ணு. உனக்கோன்னு பயந்துபோட்டேன்.”

அக்ஷிதா தாயைப் பார்த்தாள். தொட்டியைப் பற்றித் தாய் போனில் முன்பே சொல்லியிருந்தார்போல, அவள் எதுவும் விசாரிக்கவில்லை. படத்தில் இருந்த அத்தையைப் பற்றித்தான் சொன்னாள். கொரோனாவின் இரண்டாம் அலையில் போனார். துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பதினாறு செய்ய ஆளும் கூடவில்லை, அனுமதியும் இல்லை. அந்த அம்மாளுக்குப் போட்டிருக்கவேண்டிய சோறு யாருக்கும் போடப்படவே இல்லை.

தமிழ்ச்செல்வன் சொம்பைக் கீழே வைத்தான். பிறகு, “எள்ளுருண்டை இருந்துச்சுங்களா, மாமா?” என்று கேட்டான்.

“இருந்துச்சு.”

“அம்மாவுக்கு அதுதானுங்க பிடிக்கும்” என்றான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் காலையில் எல்லோரும் தோட்டத்துக்கு வந்தார்கள். திருமலைசாமி கொட்டில் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுக் காவல் இருந்தார். பன்றிகள் தின்னவில்லை, பட்டினியாகத்தான் நின்றன என்றார். தமிழ்ச்செல்வன் தொட்டிக்குள் இறங்கி, அன்று காலை ஆக்கியதுபோல் இருந்த அந்தச் சாப்பாட்டை வாழையிலையில் அள்ளி மதில்மேல் வைத்துவிட்டு, அம்மா என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டான். மலைப்பக்கமிருந்து வானம் கறுக்கும் அளவுக்குக் காக்கைகள் வந்து, ஒன்றையொன்று தள்ளாமல், இலையைச் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போயின. அதன்பின் ராமாமணி வந்தவர்களுக்கு முட்டை வேகவைத்தார். லட்சுமணசாமி பேத்திக்கு உரித்துக் கொடுத்தார்.

அந்தக் குடும்பத்துக்குப் பாக்கி இருந்த பந்திகள் அத்தோடு தீர்ந்தன. தொட்டி நிறைவது நிற்கவில்லை. இப்போது வருகிறவை யார் யாருடையவோ. பேரூரிலிருந்து வந்த பத்மாவதி என்கிற டீச்சர், தனக்கு நடக்காமல் போன சீமந்தத்தின் அதிரசத்தை அடையாளம் கண்டு ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அப்படி வருகிறவர்களுக்காகத் திருமலைசாமி தன் தோப்பில் வண்டி நிறுத்த இடம் விட்டிருக்கிறார். எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டால், தெரியாதுங்க என்கிறார் லட்சுமணசாமி. கேமராவைக் கழற்றிக் கோழிக்கூண்டில் மாட்டிவிட்டார், அங்கே கீரித் தொல்லை இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் வந்தவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் தடுப்பைத் திறக்கிறார். பன்றிகள் வந்து தின்கின்றன.