எந்திரிக்காத ஆள்

"நம்ம பரிபூரணம் காலையில வந்து உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கவே மாட்டா. மத்த பொம்பளையாளுக மாதிரி அங்கிட்டு இங்கிட்டு போறதெல்லாம் கெடையாது" என்று கம்பெனி ஆண்டு விழாவில் முதலாளி வைகுண்டராஜ் மைக்கில் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். பரிபூரணம் உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். எந்திரிக்காமல் இருப்பதற்கெல்லாம் பொன்னாடை போர்த்துவார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராஜபாளையத்தில் நைட்டி தைக்கிற கம்பெனி அது. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால்களோடு அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து வேலை தேடியபோது, மற்ற கம்பெனிக்காரர்கள் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்கள். இவர்தான் உள்ளே கூப்பிட்டார். வாசல் படியை இடித்துச் சாய்தளம் போட்டுக் கொடுத்தார். தைத்த துணியில் பிசிறு வெட்டுகிற மேஜையை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டிருப்பாள்.

கக்கூஸ் பின்பக்கம் இருந்தது. உயரமான படி ஏற வேண்டும், உள்ளே எந்நேரமும் ஈரம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. சேர்ந்த புதிதில் ஊன்றுகோல் வழுக்கி அங்கே விழுந்தாள். ஈரச் சேலையோடு தவழ்ந்து வெளியே வந்தாள். அதற்குப் பிறகு காலையில் காப்பி கிடையாது, மத்தியானம் சோற்றோடு ரெண்டு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். சித்திரை வெயிலிலும் அதே கணக்கு. சாயங்காலம் வீடு போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். போன மாதம் சூப்பர்வைசர் மாரீஸ்வரியிடம் மெல்லப் பேச்செடுத்தாள்.

"இப்பத்தான் ஒன்ன மாதிரி இன்னொரு ஆளையும் எடுக்கலாம்னு மொதலாளி மனசு எளகியிருக்காவ. இந்த நேரத்துல இதச் சொன்னா, இவளுகள வச்சாலே தொந்தரவுன்னு நெனச்சிருவாவ" என்றாள் மாரீஸ்வரி. அவள் சொன்னதிலும் தப்பில்லை.

அந்த இன்னொரு ஆள் இப்போது விழாவின் முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். ஹஃப்ஸா. பஸ் விபத்தில் கால்களை இழந்தவள், அம்மாவோடு இருக்கிறாள், ஏறி இறங்கின இடத்திலெல்லாம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளைக் காட்டி முதலாளி மைக்கை பரிபூரணத்திடம் நீட்டினார்.

"நீயே சொல்லும்மா. இங்க ஒனக்கு ஏதாச்சும் கொறை இருக்கா?"

கக்கூஸ் விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஹஃப்ஸாவின் அம்மா முக்காட்டு நுனியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கொறையும் இல்ல" என்றாள். சொல்லி முடித்ததும் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

திங்கட்கிழமையே ஹஃப்ஸா வேலைக்கு வந்துவிடலாம் என்று அறிவித்தார் முதலாளி. மறுபடியும் கைதட்டல். கூட்டம் டீ குடிக்க நகர்ந்தபோது ஹஃப்ஸா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கம்பெனி முழுக்கச் சுற்றிப் பார்த்ததாகச் சொன்னாள்.

"பின்னால உள்ள படியப் பாத்தேன்க்கா. நீங்க எப்பிடிப் போறீய?"

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் முதலாளி யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"போறதில்ல" என்றாள் பரிபூரணம். "பழகிரும்."

சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் வந்த அம்மா, காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லையே என்று பாட்டிலைத் திறந்து நீட்டினார். ஹஃப்ஸா வாங்கி வாய் வரைக்கும் கொண்டுபோனாள். ஒருதரம் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மூடியைப் போட்டு இறுக்கித் திருகி, பாட்டிலை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.